கோத்திமோரா குகுரி செய்யக் கொடுத்த கதை (வெள்ளி உறை போட்டது) – வாங்க நினைப்பவர்கள் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்

#1 பாக்மதிக்கரை

வேலை நிமித்தம் நான்கு வருஷமாகக் காத்மாண்டுவில் இருக்கிறேன். நீர்மின் திட்ட வேலை. மாமாவுக்கு இந்த வருஷம் சதாபிஷேகம். அவர் கூர்க்கா படைப்பிரிவில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். கிளம்பும்போது பட்டாலியன் அவருக்கு ஒரு வெள்ளி உறை போட்ட குகுரி (கூர்க்காக்களின் வளைந்த கத்தி) கொடுத்திருக்கிறது, அது வீடு மாற்றும்போது ஒரு பெட்டியோடு காணாமல் போய் இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்றைக்கும் அந்தப் பேச்சு வந்தால் எழுந்து போய்விடுவார். சரி, நேபாளத்தில் இருந்துகொண்டு இதைச் செய்து கொடுக்காவிட்டால் நான் இங்கே இருந்து என்ன பயன் என்று இறங்கினேன்.

முதலில் பெயர். நாம் குக்ரி என்கிறோம், இங்கே குகுரி. அதில் வெள்ளி வேலைப்பாடு செய்து மரியாதைக்காகக் கொடுக்கிற வகைக்குக் கோத்திமோரா என்று பெயர். மர உறைமேல் தோலோ வெல்வெட்டோ சுற்றி, அதற்கு மேல் துளை வேலைப்பாடு செய்த வெள்ளித் தகடு, நடுவில் படைப்பிரிவின் சின்னம். கூர்க்கா அதிகாரிகள் ஓய்வு பெறும்போது கொடுப்பது பழைய வழக்கம்.

இப்போது என் முட்டாள்தனம். தமேலில், அதாவது காத்மாண்டுவில் சுற்றுலாக்காரர்கள் சுற்றுகிற கடைத்தெருவில், ஒரு கடைக்குப் போனேன் (பெயர் சொல்ல மாட்டேன், கேட்காதீர்கள்). கண்ணாடிப் பெட்டியில் பளபளவென்று ஒன்று இருந்தது. "சார், அசல் கோத்திமோரா, முழு வெள்ளி" என்றார். முன்பணம் கட்டினேன், மூன்று வாரத்தில் கைக்கு வந்தது. எங்கள் அலுவலகத்தில் கணக்கு பார்க்கிற அண்ணன் லலித்பூர்க்காரர், அவர் சித்தப்பா பாட்டனில் (லலித்பூருக்கே இன்னொரு பெயர்) வெள்ளி வேலை செய்கிறவர். சும்மா காட்டலாமே என்று எடுத்துப் போனேன். அவர் தகட்டைத் தூக்கிப் பார்த்து, ஓரத்தில் ஒரு கீறு போட்டு ஒரு சொட்டு அமிலம் விட்டார். பச்சையாகப் பொங்கியது. ஜெர்மன் சில்வர். செம்பும் நிக்கலும் துத்தநாகமும் மட்டும், பெயரில் தவிர வெள்ளி எங்கேயும் கிடையாது. கத்தியை உருவிப் பார்த்தார், பிடி லேசாக ஆடியது. எதுவும் சொல்லாமல் டீ கொடுத்தார். அந்த டீதான் ரொம்ப வலித்தது.

கடைக்காரரிடம் போய்க் கேட்டால், "வெள்ளி மாதிரி என்றுதானே சொன்னேன்" என்கிறார். ரசீதில் "ஒயிட் மெட்டல்" என்று எழுதியிருந்ததை நான் படிக்கவில்லை. ஆக, தப்பு பாதி என்னுடையது.

இரண்டாவது முறை எப்படிச் செய்தேன் என்று எழுதுகிறேன், கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

#2 சும்மா_வந்தேன்

அண்ணே, இதையெல்லாம் ஆன்லைனிலேயே வாங்கலாமே, வீட்டுக்கே வந்துவிடும். ஏன் இவ்வளவு அலைச்சல்?

#3 பாக்மதிக்கரை

வீட்டுக்கு வருமா என்பதை வக்கீல் யாராவது வந்து சொல்லட்டும், அது தனிக் கதை. என் பதில் வேறு. சாதாரண குகுரி என்றால் ஆன்லைனில் வாங்குங்கள், நல்லதாகவே கிடைக்கும், நான் தடுக்கவில்லை. கோத்திமோரா ஒரு ஆள் செய்கிற பொருள் இல்லை. அலகு அடிக்கிறவர் ஒருவர். உறை செய்து தோல் தைக்கிறவர் வேறு. வெள்ளி வேலை இன்னொருவர். பெயர் வெட்டுகிறவர் நாலாவது ஆள். கடை என்பது இந்த நாலு பேருக்கும் நடுவில் நிற்கிற மேசை. நீங்கள் கொடுக்கிற பணத்தை அந்த மேசை எப்படிப் பிரிக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது, எந்த இடத்தில் சிக்கனம் பிடித்தார்கள் என்றும் தெரியாது. எனக்கு வெள்ளியில் பிடித்தார்கள், பிடியிலும் பிடித்தார்கள்.

பாட்டன் பெரியவர் அன்றைக்கே ஒன்று சொன்னார்: உறையை முதலில் செய்யாதே, அலகு வரட்டும், அலகைப் பார்த்து உறை, உறையைப் பார்த்து வெள்ளி. கடைகளில் தலைகீழ். உறை கூட்டம் கூட்டமாக அடுக்கி வைத்திருப்பார்கள், அதில் எந்த அலகு போகிறதோ அதைச் சொருகிக் கொடுப்பார்கள். ஆட்டினால் கடகடவென்று சத்தம் வருகிற குகுரி எல்லாம் அப்படிப் பிறந்தவைதான்.

#4 திருப்பாச்சேத்திக்காரன்

நல்ல இழை. என் அப்பா, தாத்தா எல்லோரும் அரிவாள் பட்டறைதான், ஊர் பெயரைப் பார்த்தாலே தெரியும். நான் படித்துவிட்டு வேறு வேலைக்கு வந்துவிட்டேன், ஆனால் உலைச் சத்தம் காதிலிருந்து போகவில்லை. அங்கே என்ன இரும்பு போடுகிறார்கள்? எங்கள் பக்கம் லாரி ஸ்பிரிங் பட்டை. பதம் எப்படி வைக்கிறார்கள்? முழுதாகத் தொட்டியில் முக்குகிறார்களா? பட்டறைக்குள் போய்ப் பார்த்தீர்களா, இல்லை கடையோடு சரியா?

#5 பாக்மதிக்கரை

போய்ப் பார்த்தேன் அண்ணே, இரண்டு நாள் உட்கார்ந்திருந்தேன்.

அலகுக்குத் தரான் போனேன். கிழக்கு நேபாளம், சுன்சரி மாவட்டம். குகுரிக்குப் பெயர் போனது அதற்கும் மேலே மலையில் இருக்கிற போஜ்பூர், ஆனால் தரானில் பிரிட்டிஷ் கூர்க்கா முகாம் பல வருஷம் இருந்ததால் பட்டாளத்துக்குக் கத்தி செய்கிற பழக்கம் அங்கேயும் ஊறியிருக்கிறது. காத்மாண்டுவிலிருந்து பி.பி. நெடுஞ்சாலை வழியாகச் சிந்துலி இறங்கி, பர்திபாஸில் கிழக்கு மேற்கு சாலையைப் பிடித்து, கோசி அணையைத் தாண்டி, இட்டஹரியில் வடக்கே திரும்ப வேண்டும். ஜப்பான்காரர் போட்ட சாலை, அழகு, ஆனால் வளைவுகளில் வயிறு வாய்க்கு வந்துவிடும். காலையில் கிளம்பி இரவுச் சாப்பாட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன்.

பட்டறைக்கு அங்கே ஆரன் என்று பெயர். தகரக் கூரை, பாதி இருட்டு. முதலில் விளக்குச் செலவுக்குப் பார்க்கிறார்கள் என்று நினைத்தேன். அப்புறம்தான் புரிந்தது, இரும்பு காய்ந்த நிறத்தைக் கண்ணால் பார்த்துத்தான் எல்லாம், வெளிச்சம் அதிகமானால் நிறம் ஏமாற்றும். இரும்பு உங்கள் ஊரில் போடுவதேதான், ஸ்பிரிங் பட்டை. பழைய பட்டைகள் மூலையில் அடுக்கி இருந்தன. துருத்திக்குப் பதிலாக மின்விசிறி மோட்டார். பெரியவர் இடுக்கியால் பிடிக்க, இரண்டு பையன்கள் மாறி மாறிச் சம்மட்டி. அடிக்கும்போது பெரியவர் பேசவே இல்லை, சின்னச் சுத்தியலால் எங்கே தட்டுகிறாரோ அங்கே சம்மட்டி விழுகிறது.

இப்போது நீங்கள் கேட்ட பதம். தொட்டியில் முக்கவில்லை. அலகைச் சூடேற்றி வெளியே எடுத்து, கூர் மேலே பார்க்கிற மாதிரி பிடித்துக்கொண்டு, ஒரு டீக்கெட்டில் (டீ போடுகிற கெண்டி). ஆமாம், நம்ம வீட்டு டீக்கெட்டில்தான், மூக்கு வழியாகத் தண்ணீரைக் கூர் ஓரத்தில் மட்டும் நூல் மாதிரி விட்டுக்கொண்டே போகிறார். முன்னே ஒரு தடவை, பின்னே ஒரு தடவை. வயிற்றுப் பகுதியில் கொஞ்சம் அதிக நேரம், அங்கேதான் வெட்டு விழுகிறது. முதுகுப் பக்கம் தண்ணீரே படவில்லை. உடனே ஒரு இடத்தைத் தேய்த்துவிட்டு நிறம் பார்க்கிறார், வைக்கோல் நிறம் ஓடி வரும்போது நிறுத்துகிறார். கூர் கடினம், முதுகு இளக்கம், ஒரே அலகில் இரண்டு குணம். அரத்தை என் கையில் கொடுத்து இழுத்துப் பார் என்றார். முதுகில் அரம் கடித்தது, கூரில் வழுக்கிக்கொண்டு போனது.

கண்காட்சிப் பொருள்தானே, பதம் எதற்கு என்று நான் வாய் தவறிக் கேட்டுவிட்டேன். மொழிபெயர்க்க வந்த தம்பி அதைச் சொல்லாமல் விழுங்கிவிட்டான், நல்ல வேளை.

#6 திருப்பாச்சேத்திக்காரன்

டீக்கெட்டில் விஷயம் கேள்விப்பட்டிருக்கிறேன், ஆனால் இவ்வளவு விவரமாக யாரும் எழுதிப் படித்ததில்லை. வெட்டுகிற பக்கம் மட்டும் தண்ணீர் காட்டினால் போதும் என்று அப்பாவும் சொல்வார், முதுகு விறைத்தால் ஒரே நாளில் ஒடிந்து வந்து நிற்கும், கொண்டு வந்தவன் முகத்தில் முழிக்க முடியாது என்பார்.

அவர்கள் யார்? நம்ம ஊர் ஆசாரி மாதிரி சாதியா?

#7 பாக்மதிக்கரை

பெயர் ஒன்று, நிலைமை வேறு. அவர்கள் பிஸ்வகர்மா என்று பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்கிறார்கள், சுருக்கமாக பி.கே. நம் விஸ்வகர்மாவேதான். ஆனால் நம் ஊரில் கம்மாளர் பூணூல் போட்டுக்கொண்டு இருக்க, நேபாளத்தில் கொல்லர் தலித். பழைய பெயர் காமி, அதை முகத்துக்கு நேரே சொன்னால் திட்டுகிற மாதிரி, தயவுசெய்து சொல்லாதீர்கள். உறைக்குத் தோல் தைக்கிற சார்க்கியும் தலித், பொன் வேலை செய்கிற சுனாரும் அப்படியே. தீண்டாமை 1963இல் சட்டப்புத்தகத்திலிருந்து போனது, 2011இல் தண்டனையோடு தனிச் சட்டமும் வந்தது. ஆனால் அந்த இரண்டு நாளும் பட்டறை வாசலில் வந்து கத்தி வாங்கிப் போனவர்களில் உள்ளே வந்து அவர்கள் வீட்டுத் தண்ணீரைக் குடித்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணினேன், எண்ணுவதற்கு ஒரு கை போதும். உலகம் முழுக்கப் பெயர் வாங்கிக் கொடுத்த கத்தி, கொடுத்தவன் பெயர் அதில் எங்கேயும் கிடையாது. கடை முத்திரைதான் இருக்கும்.

அதனால் நான் ஒன்று கேட்டேன், அலகில் பிடிக்குப் பக்கத்தில் உங்கள் அடையாளத்தைப் போடுங்கள் என்று. பெரியவர் சிரித்துவிட்டு, கேட்டவர்கள் இல்லை, அதனால் அடையாளமே இல்லை என்றார். கடைசியில் அவருடைய பேத்தி ஒரு சின்ன நட்சத்திரம் வரைந்து கொடுத்தாள், அதை உளியால் போட்டார். பேரன் கத்தார் போக பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டிருக்கிறானாம். சம்மட்டி அடித்த இரண்டு பேரில் அவனும் ஒருவன்.

#8 குன்னூர்_மழை

உங்கள் மாமா பட்டாலியன் எதுவென்று கேட்க மாட்டேன். எங்கள் ஊரில் கூர்க்கா பட்டாலியன் அதிகாரிகள் ஓய்வெடுக்க வருவது சகஜம், வெலிங்டன் ராணுவ முகாம் பக்கத்திலேயே இருக்கிறதே. ஃபீல்டு மார்ஷல் மானெக்‌ஷாவே 8 கூர்க்கா ரைஃபிள்ஸோடு சேர்த்துச் சொல்லப்படுகிறவர்தான், கடைசி வரை குன்னூரில் இருந்து 2008இல் வெலிங்டன் ராணுவ மருத்துவமனையில் காலமானார். சின்ன வயதில் அப்பாவோடு போன வீடுகளில் சுவரில் ஒரு கோத்திமோரா இல்லாத கூடம் பார்த்ததில்லை.

ஒரு எச்சரிக்கை, இதை எல்லோரும் படியுங்கள். உருவும்போது உறையைச் சுற்றிக் கையால் இறுக்கிப் பிடிக்காதீர்கள். உறை இரண்டு மரத்துண்டை ஒட்டியது, கூர் பக்கம் மூட்டு விட்டிருந்தால் அலகு உறையை அறுத்துக்கொண்டு உங்கள் விரலுக்குள் வரும். முதுகுப் பக்கமாகத் தாங்கிப் பிடித்து, அலகின் முதுகு உறையோடு உரசுகிற மாதிரி மெதுவாக எடுக்க வேண்டும். என் அண்ணன் கையில் ஏழு தையல், 1991.

#9 சும்மா_வந்தேன்

உருவினால் ரத்தம் பார்க்காமல் உள்ளே வைக்கக் கூடாது என்பார்களே, அப்போ உங்கள் அண்ணன் முறைப்படிதான் நடந்திருக்கிறார் 😀

#10 குன்னூர்_மழை

சிரிப்பு வந்தாலும் அது கட்டுக்கதை தம்பி. அதே கத்தியில்தான் அவர்கள் விறகு வெட்டுகிறார்கள், வெங்காயம் நறுக்குகிறார்கள், ஒவ்வொரு வெங்காயத்துக்கும் விரலைக் கீறிக்கொண்டா இருக்க முடியும்?

#11 பாக்மதிக்கரை

இதை நான் தரானிலும் கேட்டேன். பெரியவருடைய மனைவி அந்த நேரம் குகுரியால் கீரை அரிந்துகொண்டிருந்தார். பதில் சொல்லவில்லை, கீரையைக் காட்டினார்.

பிடிக்கு அருகே அலகில் இருக்கிற வெட்டைப் பற்றியும் ஆளுக்கு ஒரு கதை. சிவனின் திரிசூலம், பசுவின் குளம்பு, ரத்தம் பிடிக்கு வராமல் சொட்டுவதற்கு. மூன்று பேரிடம் கேட்டு மூன்று பதில் வாங்கினேன். ஆனால் அது இல்லாமல் செய்து கொடு என்றால் சுலபத்தில் யாரும் செய்து தர மாட்டார்கள்.

ரத்தம் உண்டு, தசைனில். நம் நவராத்திரிதான் அங்கே தசைன். ஒன்பதாம் நாள் நாம் ஆயுத பூஜை போடுகிற அதே நாளில் அவர்களும் கருவிகளுக்கும் வண்டிகளுக்கும் பூஜை போடுகிறார்கள், கூடவே பலி. ஆட்டுக்குக் குகுரி. எருமைக்கு வேறு, இரண்டு கையால் பிடிக்கிற பெரிய கத்தி. ஒரே வெட்டில் போக வேண்டும். என் டிரைவர் ஜீப்புக்குக் கோழி காட்டினார், நான் எலுமிச்சம்பழம் வைத்தேன், இரண்டும் ஒரே சக்கரத்துக்கு. கோத்திமோராவை இதற்கெல்லாம் எடுக்க மாட்டார்கள், அது பீரோவை விட்டு இறங்காது.

சரி, கதைக்கு வருகிறேன். பிடி. பழைய கத்திகளில் தந்தம் பார்க்கலாம், இப்போது சட்டப்படி நினைக்கவே கூடாது, யாராவது "பழைய ஸ்டாக்" என்று காட்டினால் எழுந்து வந்துவிடுங்கள். எருமைக் கொம்பு, எலும்பு, மரம் என்று மூன்று வழி. கொம்பு பார்க்க அழகு, ஆனால் வறண்ட இடத்தில் சுருங்கி வெடிக்கும், பூச்சியும் அரிக்கும். நான் சிசௌ மரம் எடுத்தேன், நம்ம ஊர்க் கடைகளில் ஷீஷம் என்று சொல்கிறார்களே அதே. அலகின் வாலைப் பிடிக்குள் சொருகி லாஹா ஊற்றி ஒட்டுகிறார்கள். லாஹா என்றால் நம் அரக்கு மாதிரி. பசை வேண்டாம், லாஹாவே போடுங்கள் என்று நானே கேட்டேன். காரணம், நாளைக்கு ஆடினால் லேசாகச் சூடு காட்டினாலே இளகி மறுபடி உட்காரும். எபாக்சி விட்டால் விட்டதுதான். ஆனால் வெயிலில் நிறுத்தின காருக்குள் வைத்துவிட்டு வராதீர்கள், அரக்கு அங்கேயே இளகிவிடும்.

உறைக்குள் அலகு தவிர இரண்டு குட்டிகள் உண்டு. கர்தா, சின்னக் கத்தி. சக்மக், கூர் இல்லாதது, அலகைத் தீட்டவும் சிக்கிமுக்கிக் கல்லில் தீ தட்டவும். மலிவாகச் செய்கிற இடத்தில் இந்த இரண்டும் வெறும் தகரத் துண்டு. ஒரு குகுரி நல்லதா என்று தெரிய வேண்டுமென்றால் பெரிய அலகைப் பார்க்காதீர்கள், சக்மக்கை எடுத்துப் பாருங்கள், யாரும் பார்க்க மாட்டார்கள் என்று நினைக்கிற இடத்தில் எப்படிச் செய்திருக்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

#12 தோபாயோ_புளோக்

சிங்கப்பூரிலிருந்து. இங்கே போலீஸில் கூர்க்கா பிரிவு 1949 முதல் இருக்கிறது, மவுண்ட் வெர்னன் பக்கம் முகாம். சின்ன வயதில் பஸ்ஸில் போகும்போது எட்டிப் பார்ப்போம். முக்கியமான கட்டிட வாசலில் துப்பாக்கியோடு நிற்கும்போதும் இடுப்பில் குக்ரி இருக்கும். எனக்கும் ஒன்று செய்யக் கொடுக்க ஆசை. வெள்ளி எவ்வளவு போகும், எப்படிச் சரிபார்த்தீர்கள்? பணம் எப்படிக் கொடுத்தீர்கள்? அதைச் சொல்லுங்கள் அண்ணா, அதுதான் எல்லோருக்கும் வேண்டும்.

#13 பாக்மதிக்கரை

வெள்ளியை நானே வாங்கிக் கொடுத்தேன். இதுதான் நான் கற்றுக்கொண்டதிலேயே பெரிய பாடம். நேபாளத்தில் வெள்ளி தோலாக் கணக்கு, ஒரு தோலா 11.66 கிராம், தினமும் விலை அறிவிப்பார்கள். பாட்டன் பெரியவர் கணக்குப் போட்டு 14 தோலா என்றார், வாங்கிக் கொண்டுபோய் அவர் முன்னாலேயே எடை போட்டேன். முடிந்த பிறகு தகட்டையும் மிச்சத்தையும் தூளையும் சேர்த்து மறுபடி எடை. வழக்கமான சேதாரம் தவிர எல்லாம் வந்தது. கூலி தனி. வெள்ளி விலை, கூலி, அலகு, உறை என்று நாலையும் நாலு சீட்டில் எழுதி வாங்கிவிட்டால் ஏமாறுவதற்கே இடமில்லை. ஒரே தொகையாகச் சொல்கிறவரிடம்தான் ஜாக்கிரதை. இந்தியப் பணம் 100க்கு நேபாளப் பணம் 160, 1993 முதல் அதே கட்டுதான், அதில் குழப்பம் வராது. ஆனால் விலை சொல்லும்போது ஐ.சி.யா (இந்தியப் பணம்) என்.சி.யா (நேபாளப் பணம்) என்று கேட்டுக்கொள்ளுங்கள். நான் ஒரு தடவை கேட்காமல் சந்தோஷப்பட்டு, ஐந்து நிமிஷத்தில் அந்தச் சந்தோஷம் போய்விட்டது.

வேலை செய்கிற விதம் நம் தட்டார் மாதிரியே. அரக்கில் தகட்டைப் பதித்து, பின்பக்கமிருந்து தட்டிப் புடைக்க வைத்து, திருப்பி முன்பக்கம் நுணுக்கம். பிறகு இழை ரம்பத்தால் துளை வேலை. கொடி, இலை, நடுவில் இரண்டு குகுரி குறுக்கே.

பெயர் வெட்டுவதில்தான் கூத்து. மாமாவுக்குத் தமிழில் இருக்க வேண்டும் என்று எனக்குப் பிடிவாதம். "எண்பது நிறைந்த மாமாவுக்கு" என்று மட்டும், கீழே ஆண்டு. பெயர் வெட்டுகிற தம்பிக்குத் தேவநாகரி தெரியும், நேவாரி எழுத்து தெரியும், ஆங்கிலம் தெரியும், தமிழை அன்றைக்குத்தான் பார்க்கிறார். எழுதிக் கொடுத்தேன். ஒரு வாரம் கழித்துப் படம் அனுப்பினார். அற்புதமான வெட்டு. "என்பது நிறைந்த மாமாவுக்கு".

ஒரு சுழியை விட்டுவிட்டார்.

#14 திருப்பாச்சேத்திக்காரன்

ஐயோ 😂😂 மாமா என்பது நிறைந்தவர்!

#15 தோபாயோ_புளோக்

தத்துவமாக இருக்கிறதே, அப்படியே விட்டிருக்கலாம். எது நிறைந்தது என்று ஆள் ஆளுக்கு நிரப்பிக்கொள்ளட்டும்.

#16 பாக்மதிக்கரை

அவருக்கு எப்படிச் சொல்லிப் புரியவைப்பது? மூன்று சுழி, இரண்டு சுழி என்று போனில் நான் கத்த, அவர் "தாய், சுந்தர் ச" (அண்ணா, அழகாக இருக்கிறது) என்கிறார். அழகாகத்தான் இருக்கிறது, அதுதான் பிரச்சினை. கடைசியில் ட்ரேசிங் தாளில் அசல் அளவுக்கு எழுதி, ண எழுத்தில் ஒவ்வொரு சுழிக்கும் சிவப்பு மையில் 1, 2, 3 என்று போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். நல்லவேளை, அலகில் வெட்டாமல் தனித் தகட்டில் வெட்டச் சொல்லியிருந்தேன். அலகில் வெட்டியிருந்தால் தரானுக்குப் போய் முதலிலிருந்து. தகடு உருகி மறுபடி தகடானது, கூலி இரண்டாவது தடவை வாங்கமாட்டேன் என்றார், நான் கொடுத்தேன். எழுதிக் கொடுத்தது என் கையெழுத்து, அதில் சுழி தெளிவாக இல்லை என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். தமிழில் வெட்டக் கொடுப்பவர்கள் கையெழுத்தை நம்பாதீர்கள், பெரிய எழுத்தில் அச்செடுத்துக் கொடுங்கள்.

#17 வக்கீல்_வண்டு

தாமதமாக வந்தேன். கொண்டு வருகிற விஷயத்தை யாரும் பேசவில்லையே. இந்திய ஆயுத விதிகளில் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு தனி வகையில் வருகிறது, வீட்டு வேலை, விவசாய வேலைக்கென்று செய்தவை தவிர. சின்னக் குக்ரிதானே என்று நினைப்பவர்கள் அகலத்தை மறந்துவிடுகிறார்கள், குக்ரியின் வயிறு சாதாரணமாகவே 2 அங்குலத்தைத் தாண்டிவிடும். இந்த வகைக்கு எல்லா இடத்திலும் லைசென்ஸ் தேவை என்று இல்லை, அரசு அறிவிக்கை போட்ட பகுதிகளில்தான். சீக்கியர் கிர்பானுக்கும் கூர்க்காக்கள் குக்ரிக்கும் விலக்கு உண்டு, ஆனால் கூர்க்கா படையில் வேலை பார்த்த தமிழருக்கு அந்த விலக்கு பொருந்தும் என்று நினைத்துக்கொண்டு வராதீர்கள். பார்சலில் அனுப்பாதீர்கள். சொந்த உபயோகத்துக்குக் கையோடு ஒன்று கொண்டு வருவது வேறு, கூரியரில் இறக்குமதி வேறு. உங்கள் மாவட்டத்தில் அறிவிக்கை இருக்கிறதா என்று முன்கூட்டியே கலெக்டர் அலுவலகத்தில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். சிங்கப்பூர் நண்பர் அங்கே போலீஸிடம் கேட்காமல் ஆர்டரே கொடுக்க வேண்டாம், அங்கே சட்டம் இன்னும் கறார்.

#18 பாக்மதிக்கரை

நன்றி சார், அப்படித்தான் செய்தேன். மாமா பக்கம் எழுதிக் கேட்டு பதில் வாங்கிய பிறகுதான் டிக்கெட் போட்டேன். விமானத்தில் செக்-இன் பெட்டியில், கவுண்டரிலேயே சொல்லி, ரசீதுகளையும் படத்தையும் மேலே வைத்து. டெல்லியில் கஸ்டம்ஸில் நானாகவே போய்ச் சொன்னேன், பெட்டியைத் திறந்தார்கள், ஒருவர் உறையைப் பார்த்துவிட்டு இன்னொருவரைக் கூப்பிட்டார், அவர் மூன்றாமவரைக் கூப்பிட்டார், மூன்று பேரும் சக்மக் எதற்கு என்று கேட்டார்கள். அவ்வளவுதான்.

இன்னொன்று, நேபாளத்திலிருந்து பழைய பொருள் மாதிரித் தெரிகிற எதையும் கொண்டு வந்தால் தொல்லியல் துறையின் சான்று கேட்பார்கள். 100 வருஷத்துக்கு மேற்பட்டது என்றால் வெளியே விடவே மாட்டார்கள். அதனால் "ஆன்டிக் ஃபினிஷ்" என்று வெள்ளியைக் கருக்க வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பழைய குகுரி பார்க்க ஆசையிருந்தால் காத்மாண்டு சௌனி தேசிய அருங்காட்சியகத்துக்குப் போங்கள், ஆயுதக் கூடத்திலேயே அரை நாள் போய்விடும்.

#19 சும்மா_வந்தேன்

அந்த அண்ணன் (தரான் பெரியவர்) போன் நம்பர் போடுங்களேன் இங்கே.

#20 நெறியாளர்

தனிநபர் எண், முகவரி இந்த இழையில் வேண்டாம். போட்டால் நீக்கப்படும்.

#21 பாக்மதிக்கரை

போட மாட்டேன். அவருக்கு ஒரு மாதத்தில் மூன்று அலகுக்கு மேல் இந்தத் தரத்தில் அடிக்க முடியாது. இங்கே எண்ணைப் போட்டால் நாளைக்கு முப்பது பேர் "பெஸ்ட் பிரைஸ்" என்று கேட்பார்கள். தரான் போனால் விசாரித்தாலே பட்டறைகள் தெரியும், போய் உட்காருங்கள், டீ குடியுங்கள், அவர்கள் வீட்டு டம்ளரில்.

#22 குன்னூர்_மழை

விழா எப்படி நடந்தது? மாமா என்ன சொன்னார்? அதைச் சொல்லாமலே இழையை ஓட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

#23 பாக்மதிக்கரை

போன வாரம் முடிந்தது. கத்தியைக் கையில் கொடுக்கக் கூடாது என்று அத்தை சொன்னதால் தாம்பாளத்தில் வைத்து, அதை மாமா எடுத்துக்கொண்டார். மாலையும் கழுத்துமாக இருந்தவர் அப்படியே எழுந்து நின்றுவிட்டார். எழுத்தைப் படிக்கவில்லை, சின்னத்தைப் பார்க்கவில்லை. உறையின் முதுகைத் தாங்கிப் பிடித்து (நீங்கள் சொன்ன மாதிரியே) இரண்டு அங்குலம் மட்டும் உருவி, காதருகே வைத்து உள்ளே தள்ளினார். சத்தம் இல்லை. பிறகு கர்தாவை எடுத்தார், சக்மக்கை எடுத்தார், நகத்தால் சுண்டினார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், "வெல்வெட் சிவப்பு ஏன்டா? எங்களுக்குக் கருப்பு" என்றார். அதோடு சரி. ராத்திரி பார்த்தால் தூங்காமல் கூடத்தில் உட்கார்ந்து அதே இரண்டு அங்குலத்தை உருவி உருவிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

நட்சத்திரத்தைப் பற்றிக் கேட்டார், யார் போட்டது என்று. சொன்னேன். அடுத்த நாள் காலையில் தெரிந்த நேபாளியில் நாலு வரி எழுதிக் கொடுத்து, தரானுக்குப் போகும்போது பெரியவர் கையில் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்.

#24 திருப்பாச்சேத்திக்காரன்

உறைக்குள்ளேயே நிரந்தரமாக விடாதீர்கள், தோல் ஈரம் இழுத்து அலகு துருப்பிடிக்கும். வருஷம் பூராவும் எங்கே வைக்கப் போகிறார்கள்? பூஜை அறையிலா?

#25 பாக்மதிக்கரை

அந்தச் சண்டை இன்னும் ஓடுகிறது. ஆயுத பூஜைக்கு உள்ளே வைத்தே ஆக வேண்டும் என்கிறார் மாமா. எருமைத் தோல் பூஜை அறைக்குள் வரக்கூடாது என்கிறார் அத்தை. அலகு மட்டும் உள்ளே, உறை வாசலுக்கு வெளியே தையல் மிஷின் பக்கத்தில் என்று தற்காலிகமாக ஒரு ஒப்பந்தம் ஆகியிருக்கிறது. அலகுக்குக் கடுகு எண்ணெய் பூசலாமா, தேங்காய் எண்ணெய் போதுமா அண்ணே? தரானில் கடுகுதான் சொன்னார்கள், ஆனால் வீட்டில் கடுகு எண்ணெய் வாசனைக்கு அத்தை ஒத்துக்கொள்ள மாட்டார்.

#26 திருப்பாச்சேத்திக்காரன்

தேங்காய் எண்ணெய் குளிரில் உறைந்து வெள்ளையாக நிற்கும். தையல் மிஷின் பக்கத்தில்தானே வைக்கிறீர்கள், அந்த எண்ணெயிலேயே ரெண்டு சொட்டு.